ஜப்பாரைத் தேடி ராயபுரம்

எழும்பூர் ஸ்டேஷன் வாசலிலிருந்து ராயபுரம் கல்மண்டபத்துக்கு ஆட்டோக்காரர் கேட்டது நானூறு ரூபாய். விடியற்காலை, தோளில் பை, கண்ணில் தூக்கம். இதைப் பார்த்துத்தான் விலை சொல்கிறார்கள். அரசு 2013இல் அறிவித்த கட்டணம் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய். இன்றைய விலைவாசிக்கு அது கட்டுப்படியாகாது, ஒத்துக்கொள்கிறேன். இருநூறு கேட்டிருந்தால் பேசாமல் ஏறியிருப்பேன். நானூறு அநியாயம். பேசிப் பேசி முந்நூறுக்கு இறக்கினேன். நெல்லையிலிருந்து ராத்திரி முழுக்கப் படுத்துக்கொண்டு வந்த ஸ்லீப்பர் டிக்கெட்டே அதைவிடக் கொஞ்சம்தான் அதிகம். நாள் தொடங்கும்போதே பட்ஜெட்டில் ஓட்டை விழுந்துவிட்டது, வயிறு எரிந்தது. நீங்கள் போவதானால் எழும்பூரில் மின்சார ரயில் ஏறிக் கடற்கரை ஸ்டேஷனில் இறங்குங்கள். அங்கிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் போகும் ரயிலில் ராயபுரம். பத்து ரூபாய்க்குள் முடிந்துவிடும். அந்தப் பக்கம் ரயில் அடிக்கடி கிடையாது, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, ராயபுரத்துக்கு எதற்கு? சாத்தான்குளம் அப்துல் ஜப்பாருக்காக. தமிழில் கிரிக்கெட் வர்ணனை என்றதும் காதில் ஒலிக்கிற குரல் அவருடையது. எங்கள் பக்கத்துக்காரர். இலங்கைத் தமிழர்கள் நடுவிலும் அவருக்கு ரசிகர்கள் உண்டு. 2020 டிசம்பரில் காலமானார். கொரோனாக் காலம், யாரும் எங்கும் அசைய முடியவில்லை. துக்கம் விசாரிக்க வேண்டும் என்று மட்டும் மனசில் கிடந்தது. நேரில் பார்த்தே இராத ஒருவருக்காக எங்கே போய்த் துக்கம் விசாரிப்பது? நான் அவர் குரலைக் கேட்டது எங்கேயோ, அங்கே போகலாம் என்று தோன்றியது.

கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் அத்தை வீடு. மாமாவுக்குத் துறைமுகத்தில் வேலை. பொங்கல் லீவு விட்டதும் நாங்கள் அங்கே ஆஜர். சேப்பாக்கத்தில் பொங்கல் சமயத்தில் டெஸ்ட் நடந்தால் அந்த வீட்டில் கரும்பைவிட ரேடியோவுக்குத்தான் மரியாதை. மைதானம் ஒன்றும் தொலைதூரத்தில் இல்லை, ஒரே பஸ்ஸில் போய்விடலாம். ஆனால் வீட்டிலிருந்த பையன்கள் எல்லாருக்கும் டிக்கெட் வாங்கினால் மாமாவின் சம்பளம் என்னாவது?

1988 பொங்கலில் விவியன் ரிச்சர்ட்ஸின் வெஸ்ட் இண்டீஸ் வந்தது. நரேந்திர ஹிர்வானி என்ற பத்தொன்பது வயது லெக் ஸ்பின்னருக்கு அது முதல் டெஸ்ட். 136 ரன்கள் கொடுத்து 16 விக்கெட். நம் ஊர் டபிள்யூ. வி. ராமனும் அதே ஆட்டத்தில்தான் அறிமுகமாகி, இரண்டாவது இன்னிங்ஸில் 83 அடித்தார். விக்கெட் கீப்பர் கிரண் மோரே அந்த ஒரு டெஸ்ட்டில் ஆறு ஸ்டம்பிங் செய்தார். ஸ்டம்பிங்கை ரேடியோவில் சொல்லிப் பாருங்கள், அப்போது தெரியும் அந்தத் தொழிலின் கஷ்டம். பந்து எங்கே விழுந்தது, எந்தப் பக்கம் திரும்பியது, ஆட்டக்காரர் எவ்வளவு தூரம் இறங்கி வந்தார், கால் கோட்டுக்குள் திரும்பியதா, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். அந்த மூச்சுக்குள் தமிழும் உடையக் கூடாது.

ராமமூர்த்தி, கூத்தபிரான் என்று மற்ற வர்ணனையாளர்கள் எல்லாருமே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் மாதிரிதான். ஆனால் மைக் ஜப்பாரிடம் போனதும் மாமா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார். கணீரென்ற குரல். அவசரப்படாத தமிழ். கூட்டத்தின் சத்தம் ஏறும்போது அவர் குரலும் ஏறும், ஒரு சொல்கூட அதில் அமுங்காது. இப்போது டிவியில் வருகிற தமிழ் வர்ணனை எனக்கு ஆகவே ஆகாது. திரையில் நாமே பார்த்துக்கொண்டிருப்பதை நம்மிடமே கத்துகிறார்கள், நடுவில் சினிமா வசனம் வேறு. ஜப்பார் பேசினால் திண்ணையிலிருந்தே மைதானம் தெரிந்தது.

அத்தை வீடு இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை. அவர் வேலை அது, கோபமில்லை. எதிரில் ஒரு டீக்கடை. பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன். ஜப்பார் பெயரைச் சொன்னதும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார்.

"டிக்கெட்டுக்கு நாங்க எங்க போவோம் நைனா? மேட்ச்சுன்னா ரேடியோதான். கேரம் ஆடிக்கினே கேப்போம். அவரு பேச ஆரம்பிச்சா ஸ்ட்ரைக்கர அப்டியே வெச்சிட்டு உக்காந்துக்குவோம். செத்துட்டார்னு கேட்டப்ப எங்க செட்டே அழுதுச்சு."

என் டீக்கும் அவரே காசு கொடுத்துவிட்டார், தடுத்தும் கேட்கவில்லை. அப்புறம் அவர் சொன்ன இன்னொன்றைத்தான் ஊருக்குத் திரும்பும் வழியெல்லாம் யோசித்துக்கொண்டிருந்தேன். புது வண்ணாரப்பேட்டைப் பெண் காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கினாரே, "அத யாருனா ஜப்பாரு மாரி சொல்லி நாங்க கேட்டமா?" என்றார். நியாயமான கேள்வி. வியாசர்பாடியில் கால்பந்து, தெருவுக்குத் தெரு கேரம், குத்துச்சண்டை. விளையாட்டுக்குக் குறைவில்லாத இந்த வட்டாரத்தின் ஆட்டத்தை இந்த வட்டாரத்துக்கே எடுத்துச் சொல்ல ஒரு குரல் இல்லை.

ராயபுரம் ஸ்டேஷனையும் பார்த்தேன். 1856இல் திறந்த கட்டடம், தூண்கள் இன்னும் கம்பீரமாக நிற்கின்றன. தனியாக எழுத வேண்டிய இடம், இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சாயங்காலம் பர்மா பஜார். மீடியம் வேவ் எடுக்கிற சின்ன டிரான்சிஸ்டர் ஒன்று வாங்க ஆசை. கடை கடையாக ஏறினேன், எல்லாரும் புளூடூத் ஸ்பீக்கரையே நீட்டினார்கள். ஒரே ஒரு கடையில் ஒன்று இருந்தது, ஆயிரத்து இருநூறு சொன்னார். காலை ஆட்டோ ஞாபகம் வந்தது, வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

அந்தக் காசில் சாப்பிட்டேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எதிர்ச்சாரியில் இரண்டாவது கடற்கரைச் சாலையில் அத்தோ கடைகள். 1960களில் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்கள் கொண்டுவந்த சாப்பாடு. தடித்த நூடுல்ஸ், முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருகிறார்கள். கூடவே வாழைத்தண்டு போட்ட சூடான சூப், கேட்கக் கேட்க ஊற்றினார்கள். அவித்த முட்டையைக் கீறி உள்ளே வெங்காயமும் புளியும் காரமும் வைத்துத் தந்தார்கள். அந்த முட்டைக்காகவே இன்னொரு முறை நெல்லையிலிருந்து வரலாம். மொத்தமும் நூற்றைம்பது ரூபாய்க்குள். உட்கார இடமில்லை, நின்றுகொண்டுதான் சாப்பிட வேண்டும், பரவாயில்லை.

ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் டேப் ரெக்கார்டரை ரேடியோ பக்கத்தில் வைத்து வர்ணனையைப் பதிவு செய்தவர்கள் நிறையப் பேர். உங்கள் வீட்டுப் பரணில் அப்படி ஒரு கேசட் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஜப்பார் குரல் இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள். டிஜிட்டலுக்கு மாற்றும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.