மடக்குக்கத்தி வாங்கும் முன் வீட்டுத் திருகாணிகளைப் பாருங்கள்

திருப்புளியும் சேர்ந்த மடக்குக்கத்தி ஒன்றை வாங்க நினைக்கும் நண்பர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் அதன் அலகைப் பற்றித்தான்: எவ்வளவு நீளம், எவ்வளவு கூர்மை, எந்த எஃகு. பெங்களூரில் வாடகை வீட்டில் குடியிருந்து, மெட்ரோவிலோ ஸ்கூட்டரிலோ வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அந்த அலகு செய்யும் வேலை, கூரியர் பெட்டியின் டேப்பை அறுப்பது, பால் பாக்கெட்டின் மூலையை வெட்டுவது, மதிய உணவோடு கொண்டுபோன பழத்தை நறுக்குவது என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அதற்கு ஏறக்குறைய எந்த அலகும் போதும். திருப்புளி அப்படியல்ல. திருகாணியின் தலையும் திருப்புளியின் முனையும் பொருந்தவில்லை என்றால் வேலை நடக்காது. அத்துடன் தலையிலுள்ள பள்ளமும் மழுங்கிப்போய், பின்னால் வரும் சரியான கருவிக்கும் அது பிடி கொடுக்காமல் போய்விடும். ஆகவே தேர்வின் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து: முதலில் உங்கள் திருகாணிகள், அடுத்து திருப்புளி, கடைசியில்தான் அலகு.

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அல்சூரில் நாங்கள் இருக்கும் வீட்டில் கதவுக் கீல்கள், தாழ்ப்பாள்கள், ஜன்னலின் கொசுவலைச் சட்டம் ஆகியவற்றில் இருப்பவை பெரும்பாலும் ஸ்டார் தலைத் திருகாணிகள், அதாவது கூட்டல் குறி வடிவப் பள்ளம் கொண்ட பிலிப்ஸ் வகை. அளவில் இவை பிலிப்ஸ் 2 எனப்படும் நடுத்தர முனைக்குரியவை. குக்கர் கைப்பிடியிலும் பழைய சுவிட்ச் பெட்டியின் உள்ளே கம்பியை இறுக்கும் இடங்களிலும் தட்டைப் பள்ளம் கொண்ட திருகாணிகள் இன்னும் இருக்கின்றன. குழந்தைகளின் பொம்மையில் பேட்டரி மூடியைப் பிடித்திருக்கும் திருகாணி பிலிப்ஸ் 0 அல்லது 1 அளவில் மிகச் சிறியது. மூக்குக்கண்ணாடியின் திருகாணி அதைவிடச் சிறியது. மடிக்கணினியின் அடிப்பலகையில் சில நிறுவனங்கள் பிலிப்ஸ் 0 வைக்கின்றன, வேறு சில ஆறு முனை கொண்ட டார்க்ஸ் வைக்கின்றன. 2022-இல் நாகசந்திராவில் ஐகியா திறந்த பிறகு இந்த நகரத்து வீடுகளில் போசிடிரைவ் திருகாணிகளும் பெருகிவிட்டன. அவை பார்ப்பதற்கு ஸ்டார் போலவே இருக்கும். ஆனால் கூட்டல் குறியின் கைகளுக்கு இடையே நான்கு மெல்லிய கோடுகள் தெரியும். பிலிப்ஸ் முனையைக் கொண்டு அவற்றைத் திருப்பினால் முனை முழுவதுமாக உட்காராது. லேசான இறுக்கத்துக்குத் தாங்கும், பலமாகத் திருப்பினால் வழுக்கும்.

ஹெச்ஏஎல் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வுபெற்ற என் பெரியப்பா, கருவி எதுவாக இருந்தாலும் ஒரே சோதனையைத்தான் சொல்வார்: "முதல்ல நல்லா அமுக்கிப் பிடிடா, ஆடுதான்னு பாரு. ஆடுச்சுன்னா அது அந்த ஸ்க்ரூவுக்கான டிரைவர் இல்ல." பிலிப்ஸ் தலையைப் பொறுத்தவரை இது வெறும் அனுபவ வார்த்தை மட்டுமல்ல. அதன் பள்ளம் கீழ்நோக்கிக் குறுகிச் செல்வதால், திருப்பும் விசை கூடக் கூட முனை தானாகவே மேலெழும்பி வெளியேறப் பார்க்கும். திருப்பும்போதே அமுக்கிக்கொண்டும் இருக்க வேண்டும் என்பது அதனால்தான். அமுக்குவதற்கு வசதியான பிடி இல்லாத மடக்குக்கத்தியில் எத்தனை நல்ல முனை இருந்தாலும் பயன் குறைவு.

இந்த வகைக் கத்தி பிறந்த கதையே ஒரு திருகாணியிலிருந்துதான் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்து ராணுவம் 1889-ஆம் ஆண்டு மாதிரித் துப்பாக்கியை ஏற்றுக்கொண்டபோது, அதைக் கழற்றிச் சுத்தம் செய்வதற்குச் சிப்பாய்க்கு ஒரு திருப்புளி தேவைப்பட்டது; உணவு டின்னைத் திறக்கவும் ஒன்று வேண்டியிருந்தது. இரண்டையும் அலகு, குத்தூசி ஆகியவற்றோடு ஒரே பிடிக்குள் அடக்கிய சிப்பாய்க் கத்திகளை 1891-இல் கார்ல் எல்ஸனர் முதன்முறையாக அந்த ராணுவத்துக்கு அளித்தார். இன்று விக்டோரினாக்ஸ் என்று நாம் அறியும் நிறுவனம் அவருடையதுதான். அந்தத் திருப்புளி தட்டைமுனை கொண்டது, ஏனென்றால் அந்தத் துப்பாக்கியின் திருகாணிகள் அப்படிப்பட்டவை. ஹென்றி பிலிப்ஸின் பெயர் தாங்கிய ஸ்டார் தலை 1930-களில் அமெரிக்க மோட்டார் தொழிலில் நுழைந்து உலகமெங்கும் பரவிய பிறகும், சிப்பாய்க்குக் கொடுக்கப்பட்ட கத்தியில் வெகுகாலம் தட்டைமுனைகளே இருந்தன. 2008-ஆம் ஆண்டு மாதிரியில்தான் ஸ்டார் முனையும் சேர்ந்தது. யாருடைய கையில் எந்தத் திருகாணி வருகிறதோ அதற்கேற்பவே கத்தி அமைந்தது. நாமும் அப்படித்தான் வாங்க வேண்டும்.

முனையின் வகைக்கு அடுத்தபடியாக, பலரும் கவனிக்காமல் விடுவது அது கத்தியில் எந்த இடத்திலிருந்து விரிகிறது என்பதை. விக்டோரினாக்ஸின் டிங்கர் என்ற, மூடிய நிலையில் 91 மி.மீ. நீளமுள்ள மாதிரியில் ஸ்டார் திருப்புளி கத்தியின் முதுகுப்புறத்தின் நடுவிலிருந்து செங்குத்தாக விரிகிறது. அப்போது கத்தியின் உடல் முழுவதும் குறுக்குக் கைப்பிடியாக மாறிவிடுவதால், உள்ளங்கையை மேலே வைத்து நன்றாக அமுக்கவும் முடியும், பலமாகத் திருப்பவும் முடியும். துருப்பிடித்து இறுகிய கீல் திருகாணியைக் கழற்ற இதைவிட நல்ல அமைப்பு சட்டைப்பையில் அடங்கும் கருவிகளில் அரிது. ஆனால் இருபுறமும் நான்கரை சென்டிமீட்டர் அளவுக்காவது இடம் இருந்தால்தான் கத்தி சுழலும். சுவரை ஒட்டிய மூலையிலோ, ஸ்கூட்டர் பாகங்களின் ஆழமான குழிக்குள் புதைந்திருக்கும் திருகாணியிலோ அது எட்டாது. குட்டையான முனை உள்ளே இறங்குவதற்குள் உடல் விளிம்பில் முட்டிவிடும். அத்தகைய இடங்களுக்கு, கத்தியின் நீளவாக்கிலேயே நேராக விரியும் முனை வேண்டும். எக்ஸ்புளோரர் மாதிரியில் ஸ்டார் முனை உருப்பெருக்கிக் கண்ணாடிக்கு அருகில் அப்படித்தான் அமைந்திருக்கிறது. டிங்கர் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு: டின் திறப்பானின் நுனியில் உள்ள சிறிய தட்டைமுனை பல சிறிய ஸ்டார் தலைகளில் குறுக்காக உட்கார்ந்து வேலை செய்யும். பொம்மையின் பேட்டரி மூடியை நான் திறப்பது அதைக் கொண்டுதான்.

கண்ணாடி அணிபவர்கள் தக்கைத்திருகு உள்ள மாதிரியைக் கருதிப் பார்க்கலாம். மதுப்புட்டி திறக்கும் பழக்கம் இல்லாத வீட்டில் தக்கைத்திருகு எதற்கு என்று தோன்றும். ஆனால் அதன் சுருளுக்குள் திருகிச் செருகி வைக்கக்கூடிய மிகச் சிறிய திருப்புளி ஒன்று தனியாகவே விற்கப்படுகிறது, கண்ணாடித் திருகாணிக்கு அது சரியாகப் பொருந்தும். சாவிக்கொத்தில் தொங்கவிட ஏற்ற 58 மி.மீ. வகைகளில் ராம்ப்ளரை நான் விரும்புகிறேன். அதன் சிறிய ஸ்டார் முனை காந்தமேற்றப்பட்டது என்பதால் கழன்ற திருகாணி தரையில் விழாமல் ஒட்டிக்கொள்ளும். கணினிகளைத் திறப்பதே தொழிலாக உள்ளவர்களுக்கு, மாற்றிப் பொருத்தும் பிட்டுகளுடன் வரும் சைபர்டூல் இருக்கிறது. டார்க்ஸ், போசிடிரைவ் இரண்டுக்கும் அதில் முனைகள் உண்டு. ஆனால் அது தடிமனானது, பையில் வைப்பதற்குத்தான் ஏற்றது. குறடு மையமான லெதர்மன் வகைகளில் வேவ் போன்றவை 240 கிராம் எடை வருகின்றன. டிங்கரோ சுமார் 60 கிராம்தான். தினமும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பதே நோக்கமென்றால், கனத்தின் காரணமாக மேசை இழுப்பறையில் தங்கிவிடும் கருவியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எஸ்.பி. ரோட்டிலும் சிவாஜிநகரிலும் இதே வடிவில், இதே சிவப்பு நிறத்தில், பதினொரு கருவிகள் என்று எழுதிய கத்திகள் மிக மலிவாகக் கிடைக்கின்றன. அவற்றின் அலகு ஓரளவு வெட்டும், திருப்புளிதான் கைவிடும். நல்ல கத்தியில் ஒவ்வொரு பாகத்தின் கடினமும் அதன் வேலைக்கேற்ப வேறுபடுத்தப்படுகிறது. விக்டோரினாக்ஸ் அலகை ராக்வெல் அளவையில் 56 வரை கடினப்படுத்துகிறது, திருப்புளியையும் டின் திறப்பானையும் 52-இல் நிறுத்துகிறது, ஸ்பிரிங்குகளை 49-இல். முறுக்கு விசையைத் தாங்க வேண்டிய முனை அளவுக்கு மேல் கடினமாக இருந்தால் உடையும். மென்மையாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். கடையில் நிற்கும்போதே செய்யக்கூடிய சோதனைகள் உண்டு. தட்டைமுனையின் நுனி கூர்மையாக இறங்காமல், சதுரமாகவும் இரு பக்கமும் சமமாகவும் தேய்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். விரித்த முனையைப் பக்கவாட்டில் அசைத்தால் ஆட்டம் இருக்கக் கூடாது. முடிந்தால் வீட்டிலிருந்து இரண்டு மூன்று திருகாணிகளைச் சட்டைப்பையில் கொண்டுபோய் அவற்றின் தலையிலேயே முனையை வைத்துப் பாருங்கள். கடைக்காரர் தவறாக நினைக்க மாட்டார். வேலை தெரிந்தவர் என்று மதிப்பார்.

அலகைத் திருப்புளியாகப் பயன்படுத்தவே கூடாது. இந்தக் கத்திகளில் பெரும்பாலானவற்றில் அலகை நிறுத்தி வைப்பது முதுகு ஸ்பிரிங்கின் அழுத்தம் மட்டுமே, பூட்டு கிடையாது. நுனியைத் திருகாணியில் வைத்து நெம்பினால் நுனி ஒடியும், அல்லது அலகு மடங்கி விரலின் மேல் மூடும்.

மின்சாரத்தைப் பற்றியும் விரிவாகவே சொல்ல வேண்டும். பிளாஸ்டிக் பிடி உள்ள கத்தி என்றாலும் அது மின்காப்புள்ள கருவி அல்ல. உள்ளே இருக்கும் உலோகத் தகடுகளும் முதுகு ஸ்பிரிங்குகளும் விளிம்பில் வெளியே தெரிகின்றன, விரல் அவற்றின்மேல்தான் படுகிறது. அலுமினியப் பிடி உள்ளவற்றைச் சொல்லவே வேண்டியதில்லை. சுவிட்ச் பலகையின் மேல்தட்டைக் கழற்றுவதற்கு முன் மின் இணைப்பைத் துண்டிக்கும் எம்சிபி சுவிட்சை இறக்கிவிட்டு, டெஸ்டரை வைத்துப் பார்த்த பிறகே கத்தியைக் கொண்டுபோக வேண்டும். பெங்களூரில் இன்னொரு எச்சரிக்கையும் தேவை: ஏராளமான வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் யுபிஎஸ் இருப்பதால், தெருவே இருண்டிருக்கும் மின்வெட்டு நேரத்திலும் சில இணைப்புகளில் 230 வோல்ட் ஓடிக்கொண்டிருக்கும். கரண்ட் போய்விட்டது என்ற நம்பிக்கையில் யாரும் பலகைக்குள் கை வைக்க வேண்டாம்.

உடன் எடுத்துச் செல்வது சட்டப்படி சரியா என்று கேட்பவர்களுக்கு: 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகள் கட்டுப்படுத்துவது 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை, வீட்டு உபயோகத்துக்கும் தொழிலுக்கும் உரியவை அதிலும் விலக்கு. 91 மி.மீ. கத்தியின் அலகு சுமார் 7 செ.மீ. மட்டுமே. டெல்லியில், பொத்தான் அல்லது ஸ்பிரிங் விசையால் விரியும், 7.62 செ.மீ. அல்லது அதற்கு மேல் நீளமான அலகுள்ள கத்திகளுக்குத் தனி அறிவிக்கையின் கீழ்த் தடை உண்டு என்பதை அங்கே போய்வருபவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளட்டும். விமானத்தில் கைப்பையில் வைக்கவே முடியாது, சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். சட்டம் ஒருபுறம் இருக்க, அன்றாடம் குறுக்கே நிற்பது மெட்ரோ நிலைய வாசலில் இருக்கும் ஸ்கேன் இயந்திரம். அலகு திரையில் தெரிந்தால் நிறுத்துவார்கள், அது அவர்களுடைய கடமை. அவர்களோடு வாதிடுவதில் எனக்கு உடன்பாடில்லை. அல்சூரிலிருந்து ஒயிட்ஃபீல்டுக்கு மெட்ரோவில் போகும் நாட்களுக்காக நான் ஜெட்செட்டரை வாங்கிக்கொண்டேன். அதில் அலகே கிடையாது. கத்தரிக்கோலும் காந்தமேற்றிய ஸ்டார் முனையும் உண்டு. டிங்கர் ஸ்கூட்டர் நாட்களுக்கு. அலகு இல்லாத கருவியோடு அலுவலக வாரம் முழுவதையும் குறையின்றிக் கழிக்க முடிகிறது என்பது, அலகைக் கடைசியில் வைக்கச் சொன்ன என் கருத்துக்கு நான் காட்டக்கூடிய வலுவான சான்று.

பராமரிப்பு எளிது. மூட்டுகளில் தூசி சேர்ந்தால் வெதுவெதுப்பான நீரில் விரித்து மூடிக் கழுவி, நன்றாக உலர்த்தி, ஒவ்வொரு மூட்டிலும் ஒரு துளி தையல் மிஷின் எண்ணெய் விட வேண்டும். கைக்கு அருகில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குக் கீழே அது உறையத் தொடங்கும், பெங்களூரின் மார்கழிக் காலையில் திருப்புளி விரிய மறுக்கும்.