பதினெட்டுக் கல்லு, இருபத்திமூணு பொட்டு

காங்கயத்துக்குப் பக்கம் எங்க ஊர். வீட்டுக்கு எதிர்ல இட்டேரியை, அதான் ரெண்டு பக்கமும் வேலி வெச்ச வண்டித்தடத்தை, தாண்டினா எங்க பங்கு, அஞ்சு சென்ட் தோட்டம். அவரை, கத்திரி, ரெண்டு முருங்கைன்னு அம்மா வெச்சிருக்குது. காய்க்கறதுல பாதி அம்மாவுக்கு, பாதி ஊர் வெள்ளாட்டுக்கு. மயிலும் வரும். 1963-லயே தேசியப் பறவை ஆயிட்ட ஆளு, அதை ஒண்ணும் சொல்ல முடியாது. வேலி போட்டாலும் மேல பறந்து வந்துரும். ஆட்டுக்காவது ஒரு வழி பண்ணலாம்னு கம்பிவலை போட முடிவாச்சு.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனி கட்டிங் செக்‌ஷன்ல இருக்கறேன். நாள் பூரா துணிக்குப் பரப்பளவு பாக்கற கை. பத்திரத்துல அஞ்சு சென்ட் இருக்குது, செல்போன்ல கால்குலேட்டர் இருக்குது, இதுக்குப் போய் எவன் ஊருக்கு வந்து டேப் பிடிப்பான்? ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அஞ்சுக்கு 2,178. வர்க்கமூலம் போட்டா ஒரு பக்கம் 46.67 அடி. நாலால பெருக்கினா சுத்தளவு 187 அடி. பதினோரு அடிக்கு ஒரு கல்லுக்கால்னு வகுத்தேன் பாருங்க, மீதியே இல்லாம 17 வந்துது! மீதி வராத கணக்கு தப்பா இருக்கவே முடியாதுன்னு எனக்கு ஒரு நம்பிக்கை. கதவுக்கு ஒண்ணு சேத்து 18 கல்லு. வலை 50 அடிச் சுருளாத்தான் கிடைச்சுது, நாலு வாங்கினேன். நாலடிக் கதவு போக 183 அடிதான் வேணும், மிச்சம் 17 அடியில பாகற்காய்க்குப் பந்தல் போட்டுக்கலாம்னு அம்மாகிட்ட போன்ல பெருமை வேற.

ஞாயித்துக்கிழமை கல்லு நடறவர் வந்தார். என் கணக்கை அவர் கேக்கவே இல்லை. கயித்தைப் பிடிச்சு, பதினோரு அடிக்கு ஒருக்கா ஒரு சிட்டிகை சுண்ணாம்பு வெச்சுட்டே தோட்டத்தைச் சுத்தி வந்தார். வந்து, வண்டியில இருந்த கல்லைப் பாத்தார், தரையைப் பாத்தார், என்னையைப் பாத்தார்.

"ஏனுங் தம்பி, கதவுக்கும் சேத்து பொட்டு இருவத்திமூணு இருக்குது. கல்லு பதினெட்டுத்தானுங்க இருக்குது?"

அப்பத்தான் டேப் எடுத்தேன். இட்டேரிப் பக்கம் 22 அடி. உள்ள போக 99 அடி. பெருக்கினா அதே 2,178. ஆனா சுத்தி வந்தா 242! சதுரம்னு எனக்கு யாரு சொன்னா? யாரும் சொல்லலை. நானே நெனச்சுக்கிட்டேன்.

இதுக்குக் காரணம் எங்க தாத்தா. அவர் வாங்கினப்ப அது ஒரு சங்கிலி அகலம், ஒண்ணரைச் சங்கிலி நீளம். சர்வேச் சங்கிலி 66 அடி. ஒரு சதுரச் சங்கிலின்னா 10 சென்ட், ஆக மொத்தம் 15 சென்ட். மூணு பசங்களுக்கும் இட்டேரி மொகம் வேணும்னு 66-ஐ மூணாக் கிழிச்சுட்டார். ஆளுக்கு 22 அடி வாசல், ரயில் பெட்டி மாதிரி நீட்டம். பிரிக்காம வேலி போட்டிருந்தா மொத்தமே 330 அடி, ஆளுக்கு 110. இப்ப தனித்தனியாப் போட்டா ஆளுக்கு 242.

அம்மாவுக்கு வர்க்கமூலமெல்லாம் தெரியாது. திண்ணையில உக்காந்து சொல்லுச்சு: "ஒரே அளவு மாவுதான் கண்ணு. களியுருண்டையாப் பிடிச்சா எறும்பு வெடுக்குனு சுத்தி வந்துரும். அதையே சந்தகையா நூல்நூலாப் புழிஞ்சா? பொழுது சாயற வரைக்கும் நடக்கோணும்."

பத்தாங்கிளாஸ் வரைக்கும் எனக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்த யாரும் சந்தகை புழியலை.

திரும்ப டவுனுக்குப் போய் இன்னொரு சுருளும் அஞ்சு கல்லும் ஏத்திட்டு வர வண்டி வாடகையை நெனச்சாலே வயித்தைக் கலக்குச்சு. கல்லு நடறவர்தான் பதினோரு அடி இடைவெளியைப் பன்னண்டரை ஆக்கி, 18 கல்லுல 200 அடி வலையையும் இழுத்துக் கட்டிட்டார். பின்பக்கம் 22 அடியும் பக்கவாட்டுல 16 அடியும், ஆக 38 அடி திறந்தவெளி. "அதுக்கென்ன, கிளுவைப் போத்து நட்டாப் போச்சு" ன்னுது அம்மா. இந்தப் பக்கம் மாடு மேயற கொறங்காட்டுக்கெல்லாம் காலங்காலமா கிளுவை வேலிதான். கிளையை வெட்டி நட்டா வேர் பிடிச்சுக்கும், வெயிலுக்கும் அசராது. சாணுக்கு ஒண்ணுன்னா 51 போத்து வேணும்னு நான் செல்போனை எடுத்தேன். "அதை உள்ள வை மொதல்ல." எடுத்த செல்போனை உள்ள வெச்சேன். கிளுவை தழையற வரைக்கும் அந்த இடத்துக்கு முள்ளுப் படல்.

சாயங்காலம் நடுப் பங்குக்காரர், எங்க பெரியப்பா, வந்து வலையை ஒரு ஆட்டு ஆட்டிப் பாத்தார்.

"நல்லாக் கட்டியிருக்கற தம்பி. எனக்கும் போடோணும். எவ்வளவு வலை ஆகும்?"

விட்ட மானத்தைப் பிடிக்க இதான் நேரம்னு உடனே சொன்னேன்: "உங்களுக்கும் 242 தானுங்க பெரியப்பா. நமக்கு நடுவுல 99 ஏற்கெனவே ஆயிருச்சு. நீங்க 143 வாங்கினாப் போதும்."

அவர் தோட்டத்துக்கு அந்தப் பக்கம், சித்தப்பா பங்கைப் பாத்தார். துண்டை உதறித் தோள்ல போட்டார்.

"அவனும் போட்டுட்டான்னா அதுல இன்னொரு 99 போயிருமல்லொ? முன்னால 22, பின்னால 22. நான் இருக்கறேன் தம்பி, எனக்கென்ன அவசரம்."