47 நாளில் காலாவதி: கணினி மையம் இப்போதே பழக வேண்டிய வேலை

இணையதளம் உண்மையானதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் அத்தாட்சி ஃபைல்தான் எஸ்எஸ்எல் சர்டிபிகேட். 2029 மார்ச் 15 முதல் வழங்கப்படும் எந்தப் பொது எஸ்எஸ்எல் சர்டிபிகேட்டும் 47 நாளுக்கு மேல் செல்லாது. ஆப்பிள் முன்வைத்த தீர்மானத்தை, சர்டிபிகேட் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ/பிரவுசர் ஃபோரம் 2025 ஏப்ரலில் வாக்கெடுத்து நிறைவேற்றியது. நடுவில் இரண்டு படிகள்: 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள். அதற்கு முன் 398 நாள். வருடத்துக்கு ஒரு தடவை நோட்டு எழுதி, மூன்று கொட்டேஷன் வாங்கி, பதிவாளரிடம் ஒப்புதல் பெற்று, வந்த ஃபைலை சர்வரில் ஏற்றினால் வேலை முடிந்தது.

இனி அந்த வழி நடக்காது. நடுத்தரப் பல்கலைக்கழகம் ஒன்றில் இணையதளம், பாடம் நடத்தும் மூடுல், தேர்வு முடிவு, கட்டணம், நூலகத்தின் டிஸ்பேஸ், கோஹா, மெயில் என்று சர்டிபிகேட் தேவைப்படும் 25 தளப் பெயர்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 47 நாள் சர்டிபிகேட்டை மூன்றில் ஒரு பங்கு ஆயுள் மிச்சமிருக்கும்போது புதுப்பிக்க வேண்டும். ஒரு பெயருக்கு வருடத்தில் 11, 12 தடவை. மொத்தம் 300-ஐ நெருங்கும். கையால் செய்கிற வேலை இல்லை இது. கொட்டேஷன் வாங்குவதற்குள் காலாவதியாகிவிடும்.

இந்தப் பதிவில் சான்றிதழ் என்ற சொல்லைத் தவிர்க்கிறேன். பல்கலைக்கழகத்தில் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். கணினி மையத்தில் எல்லோரும் சொல்வது போல சர்டிபிகேட் என்றே வைத்துக்கொள்கிறேன்.

பணியாளர்களுக்கு இந்த வருடம் ஒரே ஒரு பயிற்சிதான் கொடுக்க முடியும் என்றால் இதைக் கொடுங்கள் என்பேன். டிஎன்எஸ், ஃபயர்வால், லினக்ஸ் சர்வீஸ், வைஃபை, கண்காணிப்பு என்று கணினி மையத்தின் எல்லா வேலையும் இந்த ஒரு நூலில் கோத்துக்கொண்டு வருகிறது. ஆனால் வெபினாரில் உட்கார்ந்து கேட்டு இது வராது. சர்டிபிகேட்டைத் தானாக வாங்கிப் புதுப்பிக்க உதவும் ஆக்மி நெறிமுறையை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம். அது எங்கே சறுக்கும் என்பது சறுக்கிப் பார்த்தால்தான் தெரியும். 47 நாள் காத்திருந்து சறுக்கவும் முடியாது. அதனால் சோதனைக்கூடத்தில் 24 மணி நேர சர்டிபிகேட் வைத்துப் பழக வேண்டும்.

கண்டம் பண்ண ஒதுக்கி வைத்த 8 ஜிபி ரேம் டெஸ்க்டாப் ஒன்று போதும். அதில் மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் நிறுவி, ஆளுக்கு 1 ஜிபி ரேம், 10 ஜிபி டிஸ்க் என்று நான்கு டெபியன் மெய்நிகர் கணினிகள்: ஒன்றில் பைண்ட் டிஎன்எஸ், இரண்டாவதில் என்ஜின்எக்ஸ் வெப் சர்வர், மூன்றாவதில் ஸ்டெப்-சிஏ, நான்காவதில் வைஃபை லாகினைச் சரிபார்க்கும் ஃப்ரீரேடியஸ். ஸ்டெப்-சிஏ நம் கூடத்துக்குள்ளேயே ஓடும் சர்டிபிகேட் நிறுவனம். இலவசமாக சர்டிபிகேட் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் பேசும் அதே ஆக்மியைப் பேசும். அது இயல்பாகவே 24 மணி நேர சர்டிபிகேட்தான் கொடுக்கும். நமக்கு வேண்டியதும் அதுதான். இன்று மாலை செய்த தவறு நாளை மாலைக்குள் வெளியே வந்துவிடும்.

தொடங்கும்போதே இரண்டு இடத்தில் தட்டும். ஆக்மி பேசி நமக்காக சர்டிபிகேட் வாங்கும் நிரல் சர்ட்பாட். அதை ஸ்னாப் வழியாக நிறுவினால், லினக்ஸில் நாம் சேர்த்த ரூட் சர்டிபிகேட்டை, அதாவது ஸ்டெப்-சிஏ-வின் தலைமை சர்டிபிகேட்டை, கண்டுகொள்ளாது. பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கான என்விரான்மென்ட் வேரியபிளில் ரூட் ஃபைலின் பாதையைத் தனியாகக் கொடுக்க வேண்டும். அடுத்தது டைமர். டெபியன் தொகுப்பாக நிறுவிய சர்ட்பாட்டின் டைமர் நாளுக்கு இரண்டு முறை ஓடும்; அதிலும் ஒவ்வொரு முறையும் 12 மணி நேரம் வரை தற்செயலான தாமதம் உண்டு. 90 நாள் சர்டிபிகேட்டுக்கு இது பொருட்டே இல்லை. 24 மணி நேரத்துக்குப் போதாது. டைமரை மணிக்கு ஒருமுறை ஓடும்படி மாற்றி, தாமதத்தைப் பூஜ்யமாக்குங்கள்.

எல்லாம் ஓடத் தொடங்கியதும் ஒவ்வொன்றாக உடைக்க வேண்டும். பயிற்சி அங்கேதான் ஆரம்பம்.

முதலில் ரீலோட். சர்ட்பாட் புது ஃபைலை எழுதிவிடும். ஆனால் என்ஜின்எக்ஸ் பழைய சர்டிபிகேட்டை நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதையே காட்டிக்கொண்டிருக்கும். டிஸ்க்கில் பார்த்தால் தேதி சரி, பிரவுசரில் பார்த்தால் காலாவதி. புதுப்பித்ததும் சர்ட்பாட் ஓட்டும் ஸ்கிரிப்டான டெப்ளாய் ஹூக்கில், என்ஜின்எக்ஸைப் புது ஃபைலைப் படிக்கவைக்கும் ரீலோட் கட்டளை இருக்க வேண்டும். இங்கே இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஹூக் ஃபோல்டரில் போட்ட ஸ்கிரிப்டுக்கு இயக்க அனுமதி கொடுக்க மறந்தால் சர்ட்பாட் அதைச் சத்தமில்லாமல் தாண்டிப் போய்விடும். அடுத்தது, டிரை-ரன் என்ற ஒத்திகைச் சோதனை டெப்ளாய் ஹூக்கை இயல்பாக ஓட்டாது. டிரை-ரன் வெற்றி என்று நிம்மதியாகப் போனவர்களின் சர்வர்தான் மூன்று மாதம் கழித்து நிற்கும். அதனால் டிஸ்க்கில் இருக்கும் ஃபைலைப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. வேறொரு கணினியிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் மூலம் 443 போர்ட்டில் இணைந்து, சர்வர் கையில் நீட்டும் சர்டிபிகேட்டின் முடிவுத் தேதியைப் படிக்க வேண்டும்.

இரண்டாவது சங்கிலி. சர்ட்பாட் தரும் ஃபைல்களில் சர்ட்.பெம் என்றும் ஃபுல்செயின்.பெம் என்றும் இரண்டு இருக்கும். முதலாவதில் நம் சர்டிபிகேட் மட்டும். இரண்டாவதில் அதோடு, அதை ரூட்டுடன் இணைக்கும் இடைநிலை சர்டிபிகேட்டும் சேர்ந்திருக்கும். தவறிப்போய் முதலாவதைக் கொடுத்தால் குரோமில் தளம் அழகாகத் திறக்கும், ஏனென்றால் விடுபட்டதை அது தானே தேடி எடுத்துக்கொள்ளும். சர்வர்கள் ஒன்றோடொன்று பேசப் பயன்படும் கர்ல், ஜாவா, பைத்தான் அப்படித் தேடாது. விளைவு என்ன? மாணவர் கட்டணம் கட்டுகிறார், வங்கிக் கணக்கில் பணம் கழிகிறது. பணம் வந்துவிட்டது என்று பேமென்ட் கேட்வே நம் சர்வருக்குச் சொல்ல வரும்போது இணைப்பு அறுந்துபோகிறது. நிர்வாக மென்பொருளான ஈஆர்பி-யில் கட்டணம் நிலுவை என்றே நிற்கும். ஹால் டிக்கெட் வராத மாணவர் கணினி மைய வாசலில் வந்து நிற்பார். நாம் குரோமில் திறந்து காட்டி எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது என்போம். இந்தப் பிழையைக் கூடத்தில் ஒருமுறை செய்து, கர்ல் தரும் பிழைச் செய்தியைக் கண்ணால் பார்த்துவிட்டால் பிறகு மறக்காது.

மூன்றாவது ஃபயர்வால். இந்தியாவுக்கு வெளியிலிருந்து வரும் எல்லாவற்றையும் மறிக்கும் ஜியோ பிளாக்கிங் பல வளாகங்களில் உண்டு. அந்தப் பெயர் நம்முடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் 2020 முதலே உலகின் பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் சரிபார்க்கிறது. 2025-லிருந்து இது எல்லாப் பொது சர்டிபிகேட் நிறுவனங்களுக்கும் பொருந்தும் விதி. எந்த ஐபி-யிலிருந்து வருவோம் என்று அவர்கள் பட்டியல் தருவதில்லை. ஆகவே அவர்கள் ஐபி-யை மட்டும் திறந்துவிடுகிறேன் என்ற தீர்வு கிடையாது. 80-ஆம் போர்ட்டை எல்லோருக்கும் திறந்து, ஆக்மி கேட்கும் அந்த ஒரு பாதைக்கு மட்டும் பதில் கொடுத்து, மற்ற எல்லாவற்றையும் 443-க்குத் திருப்பிவிடலாம். அது முடியாதென்றால், டிஎன்எஸ்ஸில் ஒரு பதிவு போட்டுப் பெயர் நம்முடையது என்று காட்டும் டிஎன்எஸ்-01 வழி. அங்கேயும் ஒரு எச்சரிக்கை: டிஎன்எஸ் சர்வரையே அந்த ஃபயர்வாலுக்குப் பின்னால் வைத்திருந்தால் அதுவும் தோற்கும்.

டிஎன்எஸ்-01 முறைதான் கொஞ்சம் மெனக்கெட்டுக் கற்க வேண்டியது. ஒரு டொமைனின் எல்லாத் துணைப்பெயருக்கும் பொருந்தும் வைல்ட்கார்டு சர்டிபிகேட்டுக்கு டிஎன்எஸ் வழிதான். நூலகத்தில், வெளியிலிருந்து மின்னிதழ் படிக்க உதவும் ஈஸிப்ராக்ஸி வைத்திருந்தால் வைல்ட்கார்டு தேவைப்படும். இதில் பெரும்பாலானோர் செய்வது, டிஎன்எஸ் முழுவதையும் மாற்றக்கூடிய சாவியைக் கொண்டுபோய் வெப் சர்வரில் வைப்பது. அந்த சர்வரில் ஒருவன் புகுந்தால் பல்கலைக்கழகத்தின் மொத்த மெயிலையும் வேறு பக்கம் திருப்பிவிடலாம். பைண்ட் வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு சர்வருக்கும் டிஎன்எஸ் பதிவை மாற்ற உரிமை தரும் தனி டிசிக் சாவி கொடுத்து, அந்தப் பெயரின் ஆக்மி சேலஞ்ச் டிஎக்ஸ்டி பதிவை மட்டும் மாற்றலாம் என்று கட்டுப்படுத்துங்கள். டிஎன்எஸ் வேறிடத்தில் இருந்தால், ஆக்மி சேலஞ்ச் பெயரை ஒரே ஒரு முறை சிநேம் என்ற மாற்றுப்பெயர்ப் பதிவு மூலம் நம் கையிலிருக்கும் சின்ன ஸோனுக்குத் திருப்பிவிட்டால் போதும். அதன் பிறகு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. டிஎன்எஸ் அடிப்படையில் ஆட்டம் காண்கிறவர்கள் ஆசிய-பசிபிக் இணைய முகவரி அமைப்பான ஏப்நிக்கின் அகாடமி தரும் இலவசப் பாடங்களை முதலில் முடித்துவிட்டு வரலாம்.

கூடத்திலிருந்து உண்மையான சர்வருக்குப் போகும்போது லெட்ஸ் என்கிரிப்டின் ஸ்டேஜிங் என்ற சோதனை சர்வரில்தான் தொடங்க வேண்டும். ஒரே பெயருக்கு மணிக்கு 5 சரிபார்ப்பு தோற்றால் கதவு மூடிக்கொள்ளும். பதற்றத்தில் திரும்பத் திரும்ப என்டர் தட்டுகிறவர்கள் சரியாக அங்கேதான் மாட்டுவார்கள். ஒரு டொமைனுக்கு 7 நாளில் 50 புது சர்டிபிகேட் என்ற வரம்பும் உண்டு. துறைகள் தனித்தனியாகச் சொந்த சர்வர் நடத்தினாலும் எல்லோருக்கும் பொதுவாகப் பல்கலைக்கழகத்தின் ஒரே ஏசி.இன் டொமைன்தான் என்பதால் அந்த 50-ஐப் பங்குபோட வேண்டியிருக்கும். யாரிடம் என்ன இருக்கிறது என்று அறிய வழங்கிய சர்டிபிகேட்டுகளைப் பொதுவில் பதியும் சர்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி பதிவேட்டைத் தேடிப் பாருங்கள், சிஆர்டி.எஸ்எச் தளத்தில் டொமைனைக் கொடுத்தால் இதுவரை வாங்கிய எல்லாம் வரிசையாக வரும். எவருக்கும் நினைவில்லாத கருத்தரங்குத் தளம் இரண்டு மூன்றாவது அதில் தலைகாட்டும்.

இதோடு வைஃபையையும் சேர்த்துவிடாதீர்கள். கல்வி நிறுவனங்களுக்குப் பொதுவான எடுரோம் வைஃபைக்கு ஃப்ரீரேடியஸ் காட்டும் சர்டிபிகேட் வேறு இனம். அங்கே பொது சர்டிபிகேட் வைத்து அடிக்கடி மாற்றினால், கையால் இணைத்த ஐபோன்களில் ஒவ்வொரு முறையும் நம்பலாமா என்ற கேள்வி வரும். மாணவர்கள் படிக்காமல் ஆமாம் என்று தட்டப் பழகிவிடுவார்கள். அதே பெயரில் போலி ஆக்சஸ் பாயின்ட் வைத்துப் பாஸ்வேர்டு திருடுகிறவனுக்கு வேண்டியது அந்தப் பழக்கம்தான். வைஃபைக்கென்று சொந்த ரூட் ஒன்றை 10 அல்லது 20 வருடத்துக்கு உருவாக்கி, அதன் சாவியை இணையத்தில் இல்லாத கணினியில் பூட்டி வையுங்கள். சர்வர் சர்டிபிகேட்டை 825 நாளுக்குள் நிறுத்துங்கள்; அதற்கு மேல் போனால் ஆப்பிள் கருவிகள் ஏற்காது. ரூட்டும் சர்வர் பெயரும் சேர்ந்த அமைப்பை எடுரோம் கேட் என்ற நிறுவி வழியாகப் போனில் ஏற்ற வேண்டும். ஃப்ரீரேடியஸோடு வரும் ஸ்கிரிப்ட் உருவாக்கும் சர்டிபிகேட் வெறும் சோதனைக்கானது. அதன் ஆயுள் 60 நாள். அதையே வைத்துக்கொண்டு ஓட்டினால் செமஸ்டர் நடுவில் வளாகம் முழுக்க வைஃபை படுத்துவிடும்.

ஒரே லாகினில் மின்னிதழ்களைத் திறக்க ஷிபோலத் வைத்து, இந்தியக் கல்வி நிறுவனங்களின் லாகின் கூட்டமைப்பான இன்ஃபெட்டில் இருப்பவர்களுக்கும் இதே பேச்சு. லாகின் செய்தியில் கையொப்பமிடும் சாம்ல் சாவி நீண்ட ஆயுளோடு தானே கையொப்பமிட்டதாக இருக்கட்டும். அதை வெப் சர்டிபிகேட்டோடு கட்டிப்போட்டால், ஒவ்வொரு புதுப்பிப்பிலும் மின்னிதழ் நிறுவனங்களின் லாகின் உடையும்.

குவாண்டம் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்கத் தர நிறுவனமான நிஸ்ட், குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த எம்எல்-கெம் என்ற சாவிப் பரிமாற்றத் தரத்தை 2024 ஆகஸ்டில் வெளியிட்டது. குரோம் அதை ஏற்கெனவே பயன்படுத்துகிறது. பழைய முறையில் 32 பைட் இருந்த சாவி, எம்எல்-கெம் 768-இல் 1184 பைட். பிரவுசர் அனுப்பும் முதல் செய்தி ஒரே பாக்கெட்டில் அடங்காமல் இரண்டாகப் பிரிந்து வரும். முதல் பாக்கெட்டிலேயே எல்லாம் இருக்கும் என்று எதிர்பார்க்கும் பழைய ஃபயர்வால் அதை வெட்டிவிடும். புது குரோமில் திறக்கவில்லை, பழையதில் திறக்கிறது என்று புகார் வந்தால் அங்கே தேடுங்கள். ஓப்பன்எஸ்எஸ்எல் 3.5 போட்ட மெய்நிகர் கணினி ஒன்றைக் கூடத்தில் சேர்த்தால் இதையும் சோதித்துப் பார்த்துவிடலாம்.

பயிற்சிக்கு எப்போதும் இரண்டு பேர். ஒருவர் கட்டளை கொடுக்க, மற்றவர் நடப்பதை எழுத வேண்டும். அடுத்த வாரம் இடம் மாறிக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு 2 மணி நேரம், 8 வாரம். தேர்வு முடிவு வரும் காலத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஆக்மி கணக்கு தனிநபர் மெயிலில் இருக்கக் கூடாது, குழு மெயிலில் இருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் இருப்பவர் வேறு வேலைக்குப் போனதும் அந்தக் கணக்கும் அவரோடு போய்விடும். காலாவதி வரப்போகிறது என்று லெட்ஸ் என்கிரிப்ட் அனுப்பிவந்த மெயிலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. அப்டைம் கூமா போன்ற இலவசக் கண்காணிப்புக் கருவி ஒன்றை நிறுவி, 90 நாள் சர்டிபிகேட்டுக்கு 20 நாள் மிச்சமிருக்கும்போதும் 47 நாளுக்கு 10 நாள் மிச்சமிருக்கும்போதும் எச்சரிக்கை வையுங்கள். 60 நாளுக்கு ஒருமுறை என்று, குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் கிரானில் எண்ணை எழுதி வைத்திருப்பவர்கள் அதை இன்றே எடுத்துவிடுங்கள். லெட்ஸ் என்கிரிப்ட் 2028-இல் 45 நாளுக்கு வரப்போவதாக அறிவித்திருக்கிறது. 60 நாள் கிரான் அப்போது 15 நாள் தாமதமாக ஓடும்.

எட்டாவது வாரத்தில் அவசர ஒத்திகை. 2024 ஜூலையில் ஒரு பெரிய சர்டிபிகேட் நிறுவனம் தன் சரிபார்ப்பில் இருந்த பிழையால் 83,000-க்கு மேற்பட்ட சர்டிபிகேட்டுகளை ரத்து செய்ய வேண்டிவந்தது. விதிப்படி கிடைத்த அவகாசம் 24 மணி நேரம். அதே நிலையைக் கற்பனை செய்து, கூடத்தில் உள்ள எல்லாப் பெயர்களையும் ஒரு மணி நேரத்துக்குள் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். எந்த சர்வர் பின்தங்கியதோ, அதில் இன்னும் கைவேலை மிச்சம் இருக்கிறது.

ஆக்மியே தெரியாத கருவிகளும் வளாகத்தில் இருக்கும்: பழைய விபிஎன் பெட்டி, வயர்லெஸ் கன்ட்ரோலர், பிரின்டர், பயோமெட்ரிக் சர்வர். பிரவுசரில் திறப்பவற்றுக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் ஒன்றை, கோரிக்கையைத் தான் வாங்கிப் பின்னால் அனுப்பும் ரிவர்ஸ் ப்ராக்ஸியாக நிறுத்தலாம். டாம்கேட் என்ற ஜாவா சர்வரில் ஓடும் டிஸ்பேஸுக்கும் ஈஆர்பி-க்கும் அதுவே நல்லது. ஜாவா சர்டிபிகேட்டை வைக்கும் கீஸ்டோர் ஃபைலை மாற்றும் தொல்லை விடும். ப்ராக்ஸிக்குப் பின்னால் நிற்க முடியாதவற்றைப் பட்டியலிட்டு, அடுத்த டெண்டர் விவரக்குறிப்பில் இந்த வரியைச் சேர்க்கச் சொல்லுங்கள்: "கருவி ஆக்மி நெறிமுறை மூலம் சர்டிபிகேட்டைத் தானாகப் பெற்றுப் புதுப்பிக்க வேண்டும், ஏற்பளிப்புச் சோதனையில் 24 மணி நேர சர்டிபிகேட்டுடன் தொடர்ந்து 3 நாள் ஓடிக் காட்ட வேண்டும்."