தென்பெண்ணைக் கரையில் ஒரு ஞாயிறு

காவேரிப்பட்டணத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மாந்தோப்புகளுக்கு நடுவே ஆட்டோவில் போனேன். ஓட்டுக் கூரை, சுண்ணாம்புச் சுவர், பாய் விரித்த தரை. இந்தச் சின்ன பாப்டிஸ்ட் சபையில் ஆராதனை மணிகூட மரத்தில் தொங்கும் ஒரு தண்டவாளத் துண்டுதான். உள்ளே போய் உட்கார்ந்ததுமே மனசு அடங்கிவிட்டது. ஒரு பாட்டு தமிழில், அடுத்தது தெலுங்கில். கிருஷ்ணகிரிப் பக்கம் அது சகஜம்.

ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தார். "எங்க சபைக்குக் கல்வெட்டு கிடையாதும்மா. சரித்திரம்னா இதுதான்."

ஞானஸ்நானப் பதிவேடு. பாப்டிஸ்ட் சபைகளில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பதில்லை. விவரம் தெரிந்து, தானே விசுவாசத்தை அறிக்கை செய்தவர்களுக்குத்தான் முழுக்கு. அப்படியென்றால் அந்த நோட்டில் உள்ள ஒவ்வொரு பெயரும் ஒருவர் தானாக எழுந்து நின்ற நாள். சில பெயர்களுக்குப் பக்கத்தில் கைநாட்டு. மூப்பரின் அம்மா பெயரும் இருந்தது. அதை விரலால் தொட்டுக் காட்டினார்.

அன்று மூன்று பேருக்கு முழுக்கு. மேலே அணையில் தண்ணீர் திறந்தால்தான் ஆற்றில் இடுப்பளவு நிற்கும் என்பதால் சபையார் பல வாரம் காத்திருந்தார்களாம். ஆற்றுக்கு நடக்கும்போது மூப்பர் ஆந்திராவில் இருக்கும் ஒங்கோலின் கதையைச் சொன்னார். 1876–78 பஞ்சம் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்த நம் பகுதியையும் வாட்டியது. ஒங்கோலில் பாப்டிஸ்ட் மிஷனெரி ஜான் கிளஃப், பக்கிங்காம் கால்வாய் வெட்டும் வேலையில் ஒரு பகுதியைக் குத்தகை எடுத்து ஜனங்களுக்குக் கூலி கொடுத்தார். அந்த நாட்களில் ஞானஸ்நானம் கேட்டு வந்தவர்களுக்கு அவர் கொடுக்கவில்லை. சோற்றுக்காக யாரும் வந்துவிடக் கூடாதே! பஞ்ச நிவாரணம் முடிந்த பிறகு, 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் முழுக்குப் பெற்றார்கள். எண்ணிக்கையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அந்தக் காத்திருப்புதான் பெரிதாகப் பட்டது.

முதலில் ஒரு கல்லூரிப் பெண், அப்புறம் ஒரு கொத்தனார். கடைசியாக ஒரு பாட்டி. கால் நடுங்கியதால் போதகரும் பேரனும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். "உறுதியா விசுவாசிக்கிறீங்களாம்மா?" என்று போதகர் கேட்டார். "அதுக்குத்தானய்யா இவ்ளோ தூரம் வந்தேன்" என்றார் பாட்டி. கரையில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது.

உடை மாற்றி வந்ததும் நோட்டை நீட்டினார்கள். மை டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டுப் பாட்டி பேனாவைக் கேட்டார். பேரன் சொல்லிக் கொடுத்திருந்தானாம். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடிக்கும்வரை யாரும் நகரவில்லை. அதற்குப் பிறகுதான் இலை போட்டார்கள்.