தண்டவாளம் முடியும் இடத்தில் ஒரு நாடகக் கொட்டகை

ஜப்பானுக்கு வருவதற்கு முன்னால் நான்கு மாதம் கும்பகோணத்தில் ஒரு காகிதத்துக்காகக் காத்திருந்தேன். என் கணவர் அதற்குள் ஒசாகாவில் வேலையில் சேர்ந்துவிட்டார். மனைவியை அழைத்துக்கொள்ள அங்கிருக்கும் குடிவரவு அலுவலகம் ஒரு தகுதிச் சான்றிதழ் தரவேண்டும். அப்போதெல்லாம் அதன் அசல் தபாலில் வந்த பிறகுதான் விசாவுக்கே மனுப் போட முடிந்தது. தபால்காரரின் சைக்கிள் மணி கேட்டாலே வாசலுக்கு ஓடுவேன். கோயிலில், காய்கறிக் கடையில், பார்ப்பவர்கள் எல்லாம் "பேப்பர் வந்துச்சா?" என்றுதான் கேட்பார்கள். பிறந்து வளர்ந்த ஊரிலேயே, கிளம்பிப் போகவேண்டியவளாக மட்டும் இருந்தேன்.

2009 செப்டம்பரில் இகேதாவுக்கு வந்து சேர்ந்தேன். ஒசாகாவின் உமேதா நிலையத்திலிருந்து வடக்கே போகும் ஹான்கியூ ரயில் பாதையில் இருக்கிற ஊர். வந்ததும் நகராட்சி அலுவலகத்தில் அயல்நாட்டவர் பதிவு அட்டைக்கு மனுப் போட்டேன். அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். காலையில் அவர் வேலைக்குப் போய்விட்டால் இரவு ஒன்பது மணி வரை பேச ஆள் கிடையாது. குழையாத சாதம் வடிக்கத் தெரிந்த எனக்கு அங்கே கிடைத்த அரிசி ஒட்டிக்கொண்டே வந்தது. அதைவிட, சத்தமே இல்லாத தெருதான் தாங்க முடியவில்லை.

முதலில் பழக்கமானவர் எங்கள் குடியிருப்பில் மாடி வீட்டில் இருந்த அம்மா. அறுபத்தைந்து வயது இருக்கும். எந்தக் கிழமை எந்தக் குப்பை என்று தெரியாமல் பையோடு நின்றுகொண்டிருந்த என்னைப் பார்த்து இறங்கி வந்தார். பையைப் பிரித்து, பால் அட்டைப் பெட்டியை எடுத்து, கழுவி, வெட்டி விரித்துக் காட்டினார். எனக்கு அவர் மொழி தெரியாது, அவருக்கு ஆங்கிலமும் வராது. அன்று மாலை ஒரு தட்டில் பேரிக்காய் நறுக்கிக் கொண்டுவந்து கொடுத்தார். வெறும் தட்டைத் திருப்பித் தரக்கூடாது என்று நான் கேசரி வைத்துக் கொடுத்தேன். அப்படித்தான் தொடங்கியது.

நவம்பர் கடைசியில் ஒருநாள் கதவைத் தட்டி இரண்டு டிக்கெட்டுகளைக் காட்டினார். "தக்கராசுக்கா" என்றார். அது எங்கள் ரயில் பாதையின் கடைசி நிலையம் என்று மட்டும் தெரியும். அப்புறம் "கசாபுரான்கா" என்றார். அவர் கையிலிருந்த தாளில் வெள்ளைக் கோட்டுப் போட்ட ஓர் ஆண்மகனின் படத்தைப் பார்த்த பிறகுதான், 1942இல் வந்த ‘கசபிளாங்கா’ என்று புரிந்தது. கல்லூரிக் காலத்தில் ஒருமுறை பார்த்த படம். தாளில் இருந்தவர் ஆண் இல்லை, பெண் என்பதை அவர் சைகையால் சொன்னார். மேடையில் இருக்கும் எல்லோருமே பெண்கள்தான்.

மெரூன் நிற ரயில். உள்ளே பச்சை வெல்வெட் இருக்கைகள். இருபது நிமிடம்கூட ஆகியிருக்காது, பாதை முடிந்துவிட்டது.

ஏன் ஒரு நாடகக் கொட்டகை தண்டவாளம் முடிகிற இடத்தில் இருக்கிறது என்பதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். இந்தப் பாதையை 1910இல் திறந்தவர்களில் முக்கியமானவர் கோபயாஷி இச்சிசோ. அப்போது வழியெல்லாம் வயல்தான். ரயிலில் ஏற ஆள் வேண்டும் என்று எங்கள் இகேதாவில் வீடுகள் கட்டி மாதத் தவணையில் விற்றார். மறுமுனையான தக்கராசுக்காவில் வெந்நீர்க் குளியல் விடுதி கட்டினார். அங்கே அமைத்த உள்ளரங்க நீச்சல்குளம் தண்ணீர் சில்லிட்டுப்போய் யாருக்கும் பயன்படவில்லை. அதன் மேல் பலகை அடித்து மேடையும் அரங்கமுமாக மாற்றினார்கள். 1913இல் 16 இளம்பெண்களைச் சேர்த்துப் பாட்டும் ஆட்டமும் சொல்லிக்கொடுத்து, 1914 ஏப்ரல் 1 அன்று முதல் நிகழ்ச்சி நடந்தது. இன்று பூ, நிலா, பனி, நட்சத்திரம், வான்வெளி என்று ஐந்து குழுக்கள். இரண்டு வருடம் அவர்களுடைய இசைப்பள்ளியில் படித்தவர்கள் மட்டுமே மேடையேற முடியும். திருமணம் ஆனால் விலகிவிட வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு எங்கள் ஊர் பாலாமணி அம்மாள் ஞாபகம்தான் வந்தது. கும்பகோணத்தில் முழுக்கப் பெண்களையே வைத்து நாடகக் கம்பெனி நடத்தியவர். அவர் நாடகம் பார்க்க வெளியூர்க்காரர்களுக்காகத் தனி ரயிலே விட்டார்கள் என்று என் பாட்டி, தன் அம்மா சொல்லக் கேட்டதாகச் சொல்வார். நாடக வரலாறு எழுதியவர்களும் அதைக் குறிப்பிடுகிறார்கள். அங்கே நாடகத்துக்காக ரயில், இங்கே ரயிலுக்காக நாடகம். இவர்கள் நூறு வருடத்துக்கு மேல் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாலாமணி கம்பெனியின் பாட்டு ஒன்றுகூட என் காதில் விழுந்ததில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னமும் உண்டு.

அரங்கில் சுமார் 2,500 இருக்கைகள். எங்களுக்கு இரண்டாம் மாடியில் பின்வரிசை. திரை எழுவதற்கு முன் ஓர் அறிவிப்பு வந்தது. நான் ஆவலில் முன்னால் குனிந்திருந்தேன். மாடி வீட்டு அம்மா என் தோளை மெதுவாகப் பிடித்து இருக்கையின் முதுகோடு சாய்த்து உட்காரவைத்தார். ஒருவர் முன்னால் சாய்ந்தால் பின்னால் இருப்பவருக்கு மேடை மறைந்துவிடும், அதனால் முதுகு இருக்கையில் பட உட்காருங்கள் என்றுதான் அறிவிப்பு. பிறகு தன் பையிலிருந்து சின்ன பைனாகுலரை எடுத்து என் மடியில் வைத்தார்.

வான்வெளிக் குழுவின் நாடகம் அது. கோய்கே ஷூய்ச்சிரோ இயக்கம். மதுக்கடை நடத்தும் நாயகன் ரிக்காக ஓசோரா யூஹி, அவனுடைய பழைய காதலி இல்சாவாக நோனோ சுமிகா. குழுவின் முதன்மை ஜோடியாக அவர்கள் இருவருக்கும் இந்த அரங்கில் இதுதான் முதல் நாடகம் என்பதால் அரங்கமே அவர்களுக்காகத்தான் வந்திருந்தது.

ஆண் வேடம் போடுகிறவர்களை அங்கே ஒதோகோயாக்கு என்பார்கள். குட்டை முடி, தாழ்ந்த குரல், அகன்ற தோள். ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது இவை இல்லை. பைனாகுலரில் ஒரு கையைப் பார்த்தேன். தொப்பியின் விளிம்பை இரண்டு விரலால் தொட்டு, அழுத்தாமல், அப்படியே விட்ட ஒரு கை. எந்த ஆணும் அப்படித் தொப்பியைத் தொட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் இருக்கிற ஆண்களைப் பார்த்து நடிக்கவில்லை. பெண்கள் பார்க்க விரும்புகிற ஓர் ஆணை, வருடக்கணக்கில் உழைத்து, உருவாக்கிக்கொள்கிறார்கள். ‘பெண்கள் போடும் ஆண்வேஷம்’ என்று ஒரு வரியில் தள்ளிவிடுகிறவர்கள் ஒருமுறையாவது நேரில் பார்க்கவேண்டும் என்பேன்.

வசனம் எனக்கு நூற்றில் ஐந்து புரிந்திருந்தால் அதிகம். ஆனாலும் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது: விசா. ஜப்பானிய மொழியிலும் அது விசாதான். கதை நடப்பது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், மொராக்கோவின் கசபிளாங்கா நகரத்தில். அங்கே எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள். ஜெர்மானியரிடமிருந்து தப்பி வந்தவர்கள், லிஸ்பனுக்கு விமானம் ஏறினால்தான் அங்கிருந்து அமெரிக்கா போக முடியும். கையில் இருப்பதையெல்லாம் விற்றுக்கொண்டு, ஒரு கையெழுத்துக்காக மதுக்கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். கல்லூரியில் பார்த்தபோது காதலைத்தான் பார்த்தேன். இப்போது என் கண் மேடையின் ஓரத்தில் பெட்டியோடு நின்றவர்கள் மேலேயே இருந்தது. அவர்கள் தப்பி ஓடியது உயிருக்காக. என் காத்திருப்பு அதற்குப் பக்கத்தில்கூட வராது, அது எனக்குத் தெரியும். ஆனால் தபால்காரர் தெருமுனையில் திரும்பிப் போகும்போது வயிற்றில் விழும் அந்தக் குழி எனக்குத் தெரிந்ததுதான். கைப்பைக்குள் கையை விட்டு என் பதிவு அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

கடைசியில் விமான நிலையம். ரிக் தன்னிடமிருந்த, நகரத்தை விட்டு வெளியேற அனுமதி தரும் பயணக் கடிதங்களை இல்சாவுக்கும் அவள் கணவனுக்கும் கொடுத்து அனுப்பிவிடுகிறான். பக்கத்தில் மாடி வீட்டு அம்மா கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். நானும் அழுதேன். அவர் ரிக்குக்காக, நான் காகிதம் கிடைத்தவர்களுக்காக.

முடிந்துவிட்டது என்று எழுந்திருக்கப் போனேன். கையைப் பிடித்து உட்காரவைத்தார். தக்கராசுக்காவில் கதை முடிந்தாலும் நாடகம் முடிவதில்லை. வரிசையாகக் காலைத் தூக்கி ஆடும் நடனம், பிறகு முதன்மை ஜோடியின் நடனம். சற்று முன்னால் பிரிந்துபோன இருவரும் கைகோத்து ஆடினார்கள். அதன் பிறகு மேடை முழுக்க ஒரு படிக்கட்டு விரிந்தது. 26 படிகள், ஒவ்வொன்றும் 23 சென்டிமீட்டர் அகலம்தான். கீழே குனிந்து பார்க்காமல், பாடிக்கொண்டே, சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்கள். எல்லோருக்கும் பின்னால், முதுகில் இறகுகள் விரிய ரிக். பிரிவோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று யாரோ நினைத்திருக்கிறார்கள். அந்த நினைப்புக்கு நான் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். இகேதாவுக்கு வந்த பிறகு அன்றுதான் முதல்முறையாக ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

மறுவாரமே நகராட்சியில் நடந்த ஜப்பானிய வகுப்பில் சேர்ந்தேன். அடுத்த நாடகத்துக்குள் வசனம் புரியவேண்டும் என்பதுதான் எண்ணம். இரண்டு வருடம் ஆனது. இடையில் எத்தனையோ மதியங்கள் அவர் வீட்டில் பழைய நிகழ்ச்சி மலர்களை விரித்துப்போட்டு, யார் எந்த வருடம் விலகினார், கடைசி நாளில் எந்தப் பூவைக் கையில் வைத்திருந்தார் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். நான் எழுத்துக்கூட்டிப் பெயர்களைப் படிப்பேன்.

2024 ஜனவரியில் நட்சத்திரக் குழு ‘ஆர்ஆர்ஆர்’ படத்தை மேடையேற்றியபோது டிக்கெட் வாங்கியது நான். பீமாக ரெய் மகோதோ. அந்த அம்மாவுக்கு எண்பது ஆகிவிட்டது, கைத்தடியோடு வந்தார். படம் தெலுங்கு, நான் தமிழ், இரண்டும் வேறு மொழி என்று ரயிலில் விளக்கிக்கொண்டு போனேன். அரங்கில் ‘நாட்டு நாட்டு’ ஆட்டம் வந்தபோது அவரே முன்னால் சாய்ந்துவிட்டார். நான் தோளைத் தொட்டேன்.

திரும்பும் வழியில் "நாட்டு என்றால் என்ன?" என்று கேட்டார். எங்கள் மொழியிலும் அந்தச் சொல் உண்டு, நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை என்போம், ஊரிலேயே விளைந்தது, வளர்ந்தது என்று அர்த்தம் என்றேன். கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இகேதா வருவதற்குள் திரும்பி, "போன வாரம் பொங்கலில் நீ போட்ட வெல்லம், அதுவும் நாட்டுதானா?" என்றார்.

ஆமாம் என்றேன்.