45 மைல் வேகத்தில் வரலாறு

வட கரோலினாவுக்கு வேலைக்கு வரும் நம்மவர்கள் பெரும்பாலும் கேரியிலோ மாரிஸ்வில்லிலோதான் வந்து இறங்குகிறோம். பக்கத்திலேயே ஐடி கம்பெனிகள், வெங்கடேஸ்வரர் கோயில், தோசை மாவு விற்கும் கடைகள். வெளியூர்க்காரர்கள் அவ்வளவு பேர் சேர்ந்துவிட்டதால், கேரியை அமெரிக்காவின் வட மாநிலத்தவர்களை அடைத்துவைக்கும் பட்டி என்று உள்ளூர்க்காரர்கள் கிண்டல் செய்வார்கள். எந்தத் தெருவில் திரும்பினாலும் ஒரே அச்சு வீடுகள். இந்த இடத்துக்குப் பழைய கதை ஏதும் இருக்குமா என்று நானும் நினைத்ததுண்டு. சாலையோர வரலாற்றுப் பலகைகளைப் படிக்க ஆரம்பித்த பிறகு அந்த நினைப்பு போய்விட்டது.

கம்பத்தின் மேல் வெள்ளி நிற அலுமினியப் பலகை, கறுப்பு எழுத்து. மாநில அரசு 1935இல் தொடங்கிய திட்டம் இது. முதல் பலகை 1936 ஜனவரியில் ஸ்டோவால் என்ற சிற்றூரில், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் பென்னுக்காக நடப்பட்டது. இன்று மாநிலம் முழுக்க 1,600-க்கும் மேல். தலைப்புக்குக் கீழே நாலைந்து வரிகள்தான். 45 மைல் வேகத்தில் போகும்போது தலைப்பு மட்டுமே கண்ணில் படும். மீதியை வீட்டுக்கு வந்து மாநில அரசின் இணையதளத்தில் தேடிக்கொள்ள வேண்டும்.

கேரியில் இருக்கும் பலகை வால்டர் ஹைன்ஸ் பேஜ் என்ற பத்திரிகையாளருடையது. முதல் உலகப் போரின்போது பிரிட்டனில் அமெரிக்கத் தூதராக இருந்தவர். டர்ஹம் பக்கம் போனால் பென்னட் பிளேஸ். அமெரிக்க உள்நாட்டுப் போர் வர்ஜீனியாவில் தென் மாநிலத் தளபதி லீ சரணடைந்ததோடு முடிந்தது என்று படித்திருப்போம். அதற்குப் பிறகு, 1865 ஏப்ரல் 26 அன்று, ஒரு சாதாரண விவசாயி வீட்டில் உட்கார்ந்து இன்னொரு தென் மாநிலத் தளபதி ஜான்ஸ்டன், வட மாநிலத் தளபதி ஷெர்மனிடம் ஏறக்குறைய 90,000 படைவீரர்களைச் சரணடைய வைத்தார். அந்தப் போரின் மிகப் பெரிய சரணாகதி இதுதான்.

ஒரு கட்டத்தில், சம்பவம் நடந்த ஆண்டோடு பலகை வைத்த ஆண்டையும் சேர்த்துப் பார்க்கத் தொடங்கினேன். சுவாரசியம் அங்கேதான் இருக்கிறது. தளபதிகளும் கவர்னர்களும் முதல் வரிசையிலேயே இடம் பிடித்துவிட்டார்கள். மற்றவர்கள் காத்திருந்தார்கள்.

டர்ஹமில் ராயல் ஐஸ்கிரீம் என்று ஒரு கடை இருந்தது. வெள்ளையருக்கு ஒரு வாசல், கறுப்பினத்தவருக்கு இன்னொன்று. 1957 ஜூன் 23 அன்று பாதிரியார் டக்ளஸ் மூர் தலைமையில், அவரையும் சேர்த்து ஏழு கறுப்பின இளைஞர்கள் வெள்ளையர் பகுதியில் போய் உட்கார்ந்தார்கள். எழுந்திருக்கச் சொன்னபோது மறுத்தார்கள். அத்துமீறி நுழைந்ததாகக் கைது, அபராதம். மாநில உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதி செய்தது. உலகமே அறிந்த கிரீன்ஸ்பரோ உள்ளிருப்புப் போராட்டம் 1960 பிப்ரவரியில்தான் நடந்தது. இவர்கள் அதற்கு இரண்டரை ஆண்டுகள் முந்தியவர்கள். கடை இருந்த இடத்தில் பலகை வரவோ அரை நூற்றாண்டு ஆனது.

"அன்னைக்கு நாம வந்திருந்தா எந்த வாசல்ல போகச் சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள் மனைவி. என்னிடம் பதிலில்லை. அன்றைக்கு நாம் வந்திருக்கவே முடியாது என்பதுதான் நிஜம். இந்தியர்களுக்கு ஆண்டுக்கு நூறு பேர் என்ற அளவில் இருந்த ஒதுக்கீட்டை ஒழித்த குடியேற்றச் சட்டம் 1965இல்தான் வந்தது. சிவில் உரிமைப் போராட்டம் கிளப்பிய அலையில் வந்த சட்டம் அது. கிரீன் கார்டு வரிசையை மட்டும் பேசிக்கொண்டிருக்கும் நம் வார இறுதி விருந்துகளில் இது யார் வாயிலும் வருவதில்லை.

வில்மிங்டன் கடற்கரைக்கு எல்லாரும் போகிறோம். ஐ-40 நேராக அங்கே கொண்டு விடும். மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள். 1898இல் அது மாநிலத்தின் பெரிய நகரம், கறுப்பினத்தவர் பெரும்பான்மையாக வாழ்ந்த ஊர். அந்த ஆண்டு நவம்பர் 10 அன்று ஆயுதம் ஏந்திய வெள்ளையர் கும்பல் ஒன்று, கறுப்பினத்தவர் நடத்திய 'டெய்லி ரெக்கார்ட்' பத்திரிகை அலுவலகத்தைக் கொளுத்தியது. செத்தவர்கள் எத்தனை பேர் என்று இன்றுவரை சரியான கணக்கில்லை. நகராட்சியை மிரட்டிப் பதவி விலக வைத்து, கும்பலின் தலைவர் வாடெல் அன்றே மேயராக உட்கார்ந்தார். இரண்டே ஆண்டுகளில் எழுத்தறிவுத் தேர்வு என்ற பெயரில் கறுப்பினத்தவரின் ஓட்டுரிமையும் பறிபோனது. இந்தக் கவிழ்ப்புக்குப் பலகை வைத்தது 2019இல். 121 ஆண்டுகள்!

என்னை அதிகம் நிறுத்தி வைத்தது ராலேயில் மெக்டவல் ஸ்ட்ரீட்டில் உள்ள 'யூஜெனிக்ஸ் போர்டு' பலகை. யாருக்குக் கருத்தடை செய்வது என்று முடிவெடுத்த மாநில அரசு வாரியம் அது. அரசின் நடவடிக்கையால் 1933 முதல் 1973 வரை 7,600-க்கும் மேற்பட்டோருக்கு, விருப்பத்தின் பேரிலோ கட்டாயத்தின் பேரிலோ, கருத்தடை செய்யப்பட்டதாக அதில் இருக்கிறது. 'விருப்பம்' எவ்வளவு என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பலர் ஏழைகள், பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலும் கறுப்பினப் பெண்கள். நம் ஊர் நடுகல்லில் மாண்டவனின் பெருமை இருக்கும்; ஒரு அரசாங்கம் தான் செய்த கேட்டைத் தானே எழுதித் தெருவில் நட்டு நான் பார்த்ததில்லை. அதை வைத்தது 2009இல். நஷ்டஈட்டுச் சட்டம் 2013இல் வந்தது, அமெரிக்காவிலேயே முதலாவதாக. ஆனால் அந்த ஆண்டு ஜூன் 30 அன்று உயிரோடு இருந்தவர்களுக்கு மட்டும்தான் பணம்.