கொர்பிக்லானி பாணியில் வாசிக்க: அக்கார்டியன், கிடார், ஹும்ப்பா

ஃபின்லாந்தின் லஹ்தி நகரத்து ஃபோக் மெட்டல் (நாட்டுப்புற இசை கலந்த மெட்டல்) குழுவான கொர்பிக்லானி முதலில் ஷாமன் என்ற பெயரில் இயங்கியது. வட ஐரோப்பியப் பழங்குடிகளான சாமி மக்களின் மொழியில் பாடல்கள், பாடகர் யோன்னே யார்வெலாவின் யோய்க் (அம்மக்களின் மரபுப் பாட்டு முறை), பின்னணியில் சிந்தசைசர். 2003-இல் பெயர் மாறியபோது சிந்தசைசர் போய் நிஜ வயலினும் அக்கார்டியனும் வந்தன. சத்தம் மாறியதை எல்லாரும் கேட்டோம். அதனால் மேடையில் கூடிய வேலையைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

முதல் சிக்கல் சுருதி. அக்கார்டியனுக்குள் இருப்பது உலோக ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் தகடுகள்), மேடையில் அவற்றைத் திருத்த வழியில்லை. கிடார்தான் விட்டுக்கொடுக்க வேண்டும். ஐரோப்பிய அக்கார்டியன்களில் பல 442 ஹெர்ட்ஸில் சுருதி சேர்க்கப்பட்டவை. கிடார் ட்யூனர் வழக்கமாக 440-இல் நிற்கும். ஏறக்குறைய 8 சென்ட் வித்தியாசம் (அரைச் சுரம் என்பது 100 சென்ட்). சன்னமாக வாசித்தால் பொறுத்துக்கொள்ளலாம், டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் எஃபெக்ட்) போட்டு நீட்டினால் சுரம் அலையடிக்கும். ட்யூனரை 442-க்கு மாற்றிவிட்டுத் தொடங்குங்கள். அக்கார்டியனில் மியூசெட் ரெஜிஸ்டரையும் (எந்த ரீடுகள் ஒலிக்கும் என்று தேர்வு செய்யும் சுவிட்சுகளில் ஒன்று) தவிருங்கள். அதில் ரீடுகள் வேண்டுமென்றே சற்று விலகி ஒலிக்கும். கிடாரோடு சேர்ந்தால் அபசுரம் போலவே கேட்கும். ஒற்றை ரீட் ரெஜிஸ்டர் போதும். இடது கை பாஸ் பொத்தான்களையும் விட்டுவிடலாம், அந்த வேலைக்கு பாஸ் கிடார் இருக்கிறது.

கிடாரில் பவர் கார்டு மட்டும்: ஆதார சுரமும் பஞ்சமமும். காந்தாரத்தைச் சேர்த்தால் டிஸ்டார்ஷனில் குழம்பும். மேஜரா மைனரா என்பதை வயலின் சொல்லட்டும்.

தாளம்தான் இந்த இசையின் ருசியான பகுதி. ஹும்ப்பா இரண்டடி நடன இசை, நிமிடத்துக்குச் சுமார் 220 முதல் 260 அடி. கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (குச்சியால் அடிக்கும் சிறிய டிரம்), கிக், ஸ்நேர் என்று போகும் த்ராஷ் மெட்டல் டிரம்மிங்கின் எலும்புக்கூடும் இதேதான். ஃபின்ட்ரோல் குழு இந்தப் பொருத்தத்தை முன்பே பிடித்துக்கொண்டது. அவர்களின் 2001 ஆல்பத்தில் யார்வெலாவே யோய்க் பாடியிருக்கிறார். புதிதாக முயல்பவர்கள் சறுக்குவது டபுள் கிக்கில், அதாவது இரண்டு காலாலும் கிக் அடிப்பதில். இடைவிடாமல் உருட்டினால் அடிகளுக்கு நடுவே உள்ள காலி இடம் அடைபட்டுப்போகும், ஆட்டமும் செத்துவிடும். கிடாரும் ஆஃப்பீட்டில் (எதிரடியில்) அடித்தவுடன் உள்ளங்கையால் தந்தியை அமுக்க வேண்டும்.

வயலினுக்கு பியசோ பிக்கப் (அதிர்வை மின்சிக்னலாக்கும் உணரி) என்றால் 1 மெகாஓம் உள்ளீட்டு மின்மறுப்புள்ள ப்ரீஆம்ப் (முன்பெருக்கி) தேவை. நேராக மிக்ஸரில் செருகினால் அடிநாதம் போய்க் கீச்சென்று கேட்கும். வயலினின் மிகத் தாழ்ந்த தந்தி 196 ஹெர்ட்ஸ், ஆகவே 150-க்குக் கீழே உள்ளதைத் தயங்காமல் வெட்டலாம். ஃபீட்பேக் ஊளையில் பாதி அங்கேயே அடங்கும்.